பேக்டு ஜீட்டியில் கறி சேர்க்கலாமா? தாராளமாக, ஆனால் சாஸின் வழியாக

கேள்வி சுருக்கமாக இது: அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் மதிய விருந்துக்கு பேக்டு ஜீட்டி, அதாவது குழாய்ப் பாஸ்தாவைச் சாஸும் சீஸுமாக அடுக்கி ஓவனில் சுடுவது, செய்ய வேண்டும். கையில் இருக்கும் செய்முறையில் தக்காளி சாஸும் மூன்று வகைச் சீஸும்தான் (மென்மையான ரிக்கோட்டா, உருகும் மொஸரெல்லா, துருவிப் போடும் கெட்டி பர்மெஸான்), இறைச்சியே இல்லை. போன முறை கொத்துக்கறியை வதக்கிப் பாஸ்தாவுக்கு நடுவே தூவி அடுக்கியபோது மேலே எண்ணெய் மிதந்தது, கறி மணல் மாதிரி பல்லில் பட்டது, பாஸ்தாவும் காய்ந்துபோனது. கறி போட்டால் அது 'ஒரிஜினல்' இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. கறி சேர்த்ததே தப்பா, சேர்த்த விதம் தப்பா?

சேர்த்த விதம்தான். நான் நியூ ஜெர்சியில் பல வருடமாக இருக்கிறேன். இந்தச் சமையலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி, இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த குடும்பம். நானும் முதல் தடவை நீங்கள் செய்த அதே வேலையைத்தான் செய்தேன், ட்ரேயின் ஒரு மூலையில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் குளம் கட்டி நின்றது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, கறி ட்ரேக்குள் போகிற பொருளே இல்லை, சாஸுக்குள் போகிற பொருள் என்றார். ட்ரேக்குள் போவது கறியோடு வெந்து முடிந்த சாஸ் மட்டும்தான். நான் கீழே எழுதியிருக்கும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் விரிவு.

முதலில் அந்த 'ஒரிஜினல்' பயத்தைப் பார்த்துவிடலாம். ஜீட்டி என்பது தென் இத்தாலிய பாஸ்தா, வழவழப்பான குழாய். நேப்பிள்ஸ் பக்கத்தில் இது நீளமாகத்தான் வரும், கையால் ஒடித்துப் போடுவார்கள். அந்த வட்டார வழக்கில் ஜீட்டா என்றால் மணப்பெண், கல்யாண விருந்துப் பாஸ்தா என்பதால் வந்த பெயர். அங்கே ஞாயிற்றுக்கிழமை ராகு (மெதுவாகக் கொதிக்கும் கறிச் சாஸ்) என்றால், முழுத் துண்டு மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தக்காளியில் மணிக்கணக்காகக் கொதிக்கும், அந்தக் கறியைத் தனியாக எடுத்து இரண்டாவது பதார்த்தமாகச் சாப்பிடுவார்கள், கறியின் சாரம் இறங்கிய சாஸ் பாஸ்தாவுக்குப் போகும். 1880-லிருந்து 1924 வரை ஏறக்குறைய நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள், பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்த ஏழைகள். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ணில் பட்ட கறி இங்கே வாரா வாரம் வாங்கும் விலையில் கிடைத்தது. மீட்பால் பெரிதானதும், சாஸில் சாஸேஜ் நிறைந்ததும், எல்லாம் ஒரே தட்டில் வந்து சேர்ந்ததும் அதனால்தான். ஆக, கறியைக் கூட்டியதுதான் இத்தாலிய அமெரிக்கச் சமையலின் கதையே. நீங்கள் கூட்டுவது அதே கதையின் தொடர்ச்சி, எதையும் கெடுக்கவில்லை.

அப்படியானால் உங்கள் செய்முறையில் ஏன் கறி இல்லை? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, விருந்துகளில் பேக்டு ஜீட்டி தனி ஆளாக வருவதில்லை, பக்கத்திலேயே சாஸேஜும் குடமிளகாயும், மீட்பால், சிக்கன் எல்லாம் இருக்கும், அதனால் ஜீட்டியில் கறி தேவைப்படாது. இரண்டாவது, கத்தோலிக்க நோன்பு. 1966 வரை அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டார்கள், அந்த வருடம்தான் ஆயர்கள் அதைத் தளர்த்தினார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் சாம்பல் புதனன்றும் இன்றைக்கும் அந்த விரதம் உண்டு. பால், சீஸ், முட்டை, மீன் பரவாயில்லை, இறைச்சி மட்டும் கூடாது. சீஸ் ஜீட்டி அந்த நாட்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. உங்கள் விருந்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உள்ள ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தால் தவக்காலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இத்தாலிய வேர் உள்ள சக ஊழியர்கள் உங்கள் ட்ரேயை ஆசையோடு பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள், பாவம்.

சரி, எந்தக் கறி. பன்றி சாப்பிடுகிறவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இத்தாலியன் சாஸேஜ். அதில் பன்றியிறைச்சியோடு உப்பு, மிளகு, அப்புறம் சோம்பு. ஆமாம், நாம் கறிக்குழம்பில் போடுகிற அதே மணத்துக்குச் சொந்தமானதுதான், சற்றுப் பெரிய விதை. கறிக்கும் சோம்புக்கும் உள்ள பொருத்தம் நமக்குப் பிறவியிலேயே தெரிந்தது என்பதால், நம் ஆட்கள் முதல் வாயிலேயே இந்தச் சாஸேஜை ஏற்றுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 'ஸ்வீட்' என்று போட்டிருந்தால் இனிப்பு என்று அர்த்தமில்லை, காரம் போடாதது, அவ்வளவுதான். 'ஹாட்' என்றால் மிளகாய் போட்டது. தோலைக் கீறி உரித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுங்கள். மாட்டிறைச்சி மட்டும் போடுவது என் கணக்கில் இரண்டாம் பட்சம், ஏனென்றால் அதற்கென்று மசாலா எதுவும் கிடையாது, எல்லாவற்றையும் நீங்களே கொடுக்க வேண்டும். பாதி சாஸேஜ் பாதி மாட்டிறைச்சி என்று போட்டால் மிக நன்றாக இருக்கும், பாட்டி வீட்டில் அதுதான் வழக்கம். மாட்டிறைச்சி வாங்கும்போது கொழுப்பு பதினைந்து சதவீதம் உள்ளதாக எடுங்கள். ஏழு சதவீதக் கொத்துக்கறி உடம்புக்கு நல்லது என்று வாங்கினால் நீங்கள் சொன்ன அந்த மணல்தான் மறுபடியும் கிடைக்கும்.

அளவு. ஒரு பவுண்டு ஜீட்டிக்கு, அதாவது 454 கிராம் டப்பாவுக்கு, முக்கால் பவுண்டு கறி போதும், சுமார் 340 கிராம். ஒரு பவுண்டு என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ட்ரே வெட்டும்போது உதிர்ந்து விழும், கறிக்கு நடுவே பாஸ்தாவைத் தேட வேண்டியிருக்கும், ரிக்கோட்டாவின் மென்மை காணாமலே போய்விடும். கறி கூடக்கூட ருசி கூடும் என்று நம் வீட்டுப் பிரியாணிக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். இதில் கறி சாஸுக்கு ஆழம் கொடுக்க வருகிறது.

இப்போது மணல் விஷயம். கொத்துக்கறி மணலாவதற்கு வழக்கமாக இரண்டு காரணம், பொடிப்பொடியாக உடைத்தது, நீர் முழுக்கச் சுண்டும் வரை அத்தனையையும் வறுத்தது. நாம் கைமா வதக்கும் பழக்கத்தில் கரண்டியால் குத்திக் குத்திக் கிளறிக்கொண்டே இருப்போம், அங்கேதான் கோளாறு. அடி கனமான அகலப் பாத்திரத்தில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் விட்டு நன்றாகச் சூடாக்கி, பாதிக் கறியை மட்டும் அடை மாதிரி தட்டையாகப் பரப்பி, நாலைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் நல்ல பழுப்பு ஏறும். கறியின் மேலுள்ள ஈரம் போன பிறகுதான் பழுப்பே பிடிக்கும், அதனால்தான் பாத்திரத்தை நிரப்பிவிட்டால் கறி தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் பழுத்ததும் திருப்பி, பெரிய துண்டுகளாக உடைத்து, மீதிப் பாதியைப் பச்சையாகவே சேர்த்து, நிறம் மாறும் வரை மட்டும் கிளறுங்கள். வறுத்த பாதி மணம் கொடுக்கும், வறுபடாத பாதி மெதுவாக வெந்து பஞ்சு மாதிரி இருக்கும். கடைசியில் துண்டுகள் கொண்டைக்கடலை அளவில் இருந்தால் சரி, ஜீட்டியின் வாயில் பாதி உள்ளே பாதி வெளியே என்று உட்காரும். அதைவிடப் பெரிதானால் முள்கரண்டியில் பாஸ்தா தனி, கறி தனி.

மாட்டிறைச்சி மட்டும் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம்: அரைக் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துக் கறியில் பிசிறி, பதினைந்து நிமிடம் வையுங்கள். கறியின் அமிலத்தன்மை குறைந்து, சூட்டில் நீரை இறுக்கிப் பிழிந்து வெளியே தள்ளாமல் வைத்துக்கொள்ளும், பழுப்பும் சீக்கிரம் ஏறும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், அதனால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

எண்ணெய் மிதப்பதற்கு வருவோம். கறி பழுத்ததும் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள், ஓரத்தில் தேங்கும் கொழுப்பில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கரண்டியால் அள்ளி எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் வடித்துவிடாதீர்கள், சோம்பு, மிளகாய், பூண்டு மணமெல்லாம் அந்தக் கொழுப்பில்தான் கரைந்திருக்கிறது. அடுத்த வழி இன்னும் சுலபம், சாஸை முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், காலையில் கொழுப்பு மேலே தகடாக உறைந்திருக்கும், தேவையான அளவு விட்டு மீதியைப் பெயர்த்து எடுக்கலாம். சாஸும் ஒரு நாள் ஊறியதில் ருசி கூடியிருக்கும். அப்புறம், மிதக்கும் எண்ணெய் எல்லாமே கறியிலிருந்து வருவதில்லை. மொஸரெல்லாவை அளவுக்கு மீறிச் சுட்டால் அதுவும் நெய்யாகக் கக்கும்.

கறியை எடுத்து வைத்துவிட்டு அதே பாத்திரத்தில் ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, நாலு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் சேர்த்து அது செங்கல் நிறமாகும் வரை கிளறி, அரைக் கப் ஒயின் விட்டு அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிடுங்கள். சிவப்போ வெள்ளையோ, இரண்டும் நடக்கும். ஒயின் வேண்டாதவர்கள் தண்ணீர் விட்டுச் சுரண்டினாலே போதும், அந்த அடிப்பிடிப்பில்தான் முழு ருசியும் இருக்கிறது. பிறகு கறி, 28 அவுன்ஸ் நசுக்கிய தக்காளி டின் ஒன்று, 14 அல்லது 15 அவுன்ஸ் சின்ன டின் ஒன்று. இந்தச் சின்ன டின்தான் முக்கியம். கறியில்லாத செய்முறைக்கு ஒரு பெரிய டின் போதும், அதே சாஸில் நீங்கள் கறியைக் கொட்டியதால் சாஸ் கெட்டியாகி, பாஸ்தாவுக்கு உறிஞ்ச எதுவும் மிஞ்சவில்லை, காய்ந்துபோனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மெல்லிய தீயில் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரமானாலும் நல்லதுதான். உப்பைக் கடைசியில் பாருங்கள், சாஸேஜிலும் சீஸிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, கொத்தமல்லித்தழை மூன்றையும் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். அவை வந்தால் அது நம் கைமாக் குழம்பில் போட்ட பாஸ்தா, அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் பெயர் வேறு. காரம் வேண்டுமென்றால் மிளகாய்த் தூவல் தாராளமாகப் போடலாம், தென் இத்தாலியில் கலாப்ரியாக்காரர்கள் காரத்தில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. பாலும் வேண்டாம். பால் சேர்ப்பது வடக்கே பொலோன்யா ராகுவின் வழக்கம், 1982-ல் அந்த ஊர் வர்த்தக சபையில் செய்முறையைப் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அது வேறு ஊர், வேறு சாஸ்.

நேரம் இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது, என் மனதுக்கு நெருக்கமானதும் அதுதான். கொத்துக்கறியே வேண்டாம். பாட்டி வீட்டில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அடுப்பில் ஏறும் பெரிய பாத்திரம். பன்றியின் கழுத்தெலும்போ விலாவோ இரண்டு பவுண்டு, முழுச் சாஸேஜ் நாலு, சில நாள் பிராச்சோலே, அதாவது மெல்லிய மாட்டிறைச்சித் துண்டில் பூண்டு, பார்ஸ்லி, சீஸ், ரொட்டித்தூள் வைத்துச் சுருட்டி நூலால் கட்டியது. எல்லாவற்றையும் சிவக்க வறுத்துத் தக்காளியில் போட்டு, மூடியைச் சற்று விலக்கி வைத்து, மூன்று மணி நேரம். கொதிக்கக் கூடாது, நாலைந்து நொடிக்கு ஒருமுறை ஒரு குமிழ் வந்து 'பிப்' என்று உடைய வேண்டும். நேப்பிள்ஸ் மொழியில் இதற்குப் பிப்பியாரே என்று ஒரு தனிச் சொல்லே இருக்கிறது, அந்தச் சத்தத்திலிருந்து பிறந்த சொல். இந்தச் சாஸை அவர்கள் கிரேவி என்றுதான் சொல்வார்கள், நியூ ஜெர்சியில் பல இத்தாலிய வீடுகளில் சாஸ் என்பதா கிரேவி என்பதா என்று இன்றும் சண்டை நடக்கும். நான் முதலில் கிரேவி என்று கேட்டபோது எங்கள் வீட்டுச் சொல் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும் பதத்தில் எடுத்து, எலும்பை நீக்கி, விரலால் நார்நாராகப் பிய்த்து மறுபடி சாஸில் போட்டு, அந்தச் சாஸில் ஜீட்டியைப் பிரட்டினால், வேறெதுவும் செய்ய வேண்டாம். எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கிய பசைத்தன்மையால் சாஸ் பாஸ்தாவை விட்டு வழியாது. ஞாயிறு மிஞ்சிய கிரேவியை வைத்தே திங்கள் அல்லது செவ்வாய் ஜீட்டி செய்துவிடலாம், அந்த ட்ரேதான் எனக்கு எப்போதும் மிகவும் பிடித்தது.

மாடும் பன்றியும் ஆகாத வீடுகள் நம்மில் ஏராளம், அவர்களுக்கு. ஆட்டிறைச்சி சேர்க்கலாமா என்று தயங்க வேண்டியதே இல்லை. இத்தாலியின் அப்ருட்சோ பகுதி முழுக்க ஆடு மேய்த்த மலைநாடு, அங்கே இளம் ஆட்டிறைச்சி ராகு பரம்பரைச் சமையல். அந்த ராகுவுக்குச் சோம்பைவிட ரோஸ்மேரி பொருத்தம், ஒரு கொத்தைச் சாஸில் போட்டு வெந்ததும் எடுத்துவிடுங்கள். பர்மெஸானுக்குப் பதில் செம்மறிப் பாலில் செய்த பெக்கொரீனோ போட்டால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்துகொள்ளும். ஆட்டுக் கொழுப்பு ஆறினால் உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டும் என்பதால் கொழுப்பை எடுப்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

சாஸேஜ் ருசிதான் வேண்டும், பன்றி மட்டும் கூடாது என்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி அல்லது தோலில்லாத கோழித்தொடைக் கறி, ஒன்றேகால் டீஸ்பூன் தூள் உப்பு, லேசாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த சோம்பு ஒன்றரை டீஸ்பூன், நசுக்கிய பூண்டு இரண்டு பல், மிளகு அரை டீஸ்பூன், மிளகாய்த் தூவல் உங்கள் இஷ்டம், ஒரு மேசைக்கரண்டி சிவப்பு ஒயின் வினிகர். கறி கையில் பிசுபிசுவென்று ஒட்டும் வரை பிசைய வேண்டும், இங்கே அந்தப் பிசைதல்தான் சாஸேஜின் கட்டுக்கோப்பைக் கொடுக்கிறது. பிசைந்ததை ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரமாவது வையுங்கள். கடையில் கோழி சாஸேஜ், வான்கோழி சாஸேஜ் வாங்குகிறவர்கள் பெட்டியின் பின்னால் கட்டாயம் படியுங்கள், உள்ளே கோழியாக இருந்தாலும் உறை பன்றிக் குடலாக இருப்பது உண்டு. உறையை உரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், சாப்பிடுகிறவருக்கு அது சரியா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வான்கோழிக் கொத்துக்கறிக்கு ருசியும் கொழுப்பும் குறைவு, அதனால் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் கூடுதலாக, கூடவே கால் கிலோ காளானைப் பொடியாக நறுக்கி நீர் சுண்டும் வரை வறுத்துச் சேருங்கள், சாஸுக்கு ஒரு கனம் வரும். கோழி, வான்கோழி 74 டிகிரி செல்சியஸ், மாடு, பன்றி, ஆட்டுக் கொத்துக்கறி 71 டிகிரி உள்சூடு எட்ட வேண்டும் என்பது இங்கத்திய அரசு விதி. சாஸில் நாற்பது நிமிடம் கொதித்த கறி இதையெல்லாம் தாண்டிவிடும். ட்ரேக்குள் பச்சைக் கறி போவதே இல்லை என்பதால் இந்த முறையில் பாதுகாப்புக் கவலையும் சேர்ந்து தீர்கிறது.

பாஸ்தாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, டப்பாவில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் ஏழில் எடுத்துவிடுங்கள், கடித்தால் நடுவில் வெள்ளையாகத் தெரிய வேண்டும், மீதி வேக்காடு ஓவனில். வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீரை எடுத்து வையுங்கள். ட்ரேயில் போகும்போது கலவை, இவ்வளவு நீர்க்க இருக்கிறதே என்று தோன்றும் அளவில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்து வைத்த தண்ணீரை விட்டுத் தளர்த்துங்கள். ஜீட்டி கிடைக்காவிட்டால் பென்னே.

சீஸ் அடுக்குவதில் கறி சேர்க்கும்போது ஒரு மாற்றம் செய்ய வேண்டும். கறியில்லாத ஜீட்டியில் ரிக்கோட்டாவைச் சாஸோடு கலந்துவிடுவார்கள், முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும், நன்றாகத்தான் இருக்கும். கறிச் சாஸில் அப்படிக் கலந்தால் கறித் துணுக்குகளோடு சேர்ந்து திரிந்த பால் மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது, ருசியும் மங்குகிறது. அதனால் 15 அவுன்ஸ் முழுக்கொழுப்பு ரிக்கோட்டாவில் உப்பும் மிளகும் ஒரு கைப்பிடி பெக்கொரீனோவும் கலந்து, கரண்டி கரண்டியாக நடுவில் வையுங்கள், சாப்பிடும்போது ஒரு வாய் காரசாரமான கறிச் சாஸ், ஒரு வாய் குளிர்ந்த மாதிரி மென்மையான ரிக்கோட்டா என்று மாறி மாறி வரும். முட்டை தேவையில்லை என்பது என் கட்சி, அது ரிக்கோட்டாவை இறுக்கிவிடும். மொஸரெல்லா நீரில் மிதக்கும் புது உருண்டை வேண்டாம், தண்ணீர் விட்டு ட்ரேயைச் சதசதவென்று ஆக்கும். ஈரம் குறைந்த கட்டியை வாங்கி வீட்டில் துருவுங்கள், துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி சேர்த்திருப்பதால் உருகும் விதம் அவ்வளவு நன்றாக இருக்காது. முக்கால் பவுண்டு போதும். 9க்கு 13 அங்குல ட்ரேயில் அடியில் கொஞ்சம் சாஸ், பாதி ஜீட்டி, ரிக்கோட்டா, பாதி மொஸரெல்லா, மீதி ஜீட்டி, மேலே சாஸ், மீதிச் சீஸ். மேல் அடுக்குக்கு ஊற்றும் சாஸில் மட்டும் கறித் துண்டுகள் அதிகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சீஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கறி ஓவன் சூட்டில் கருகிக் கல்லாகிவிடும்.

190 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 375. அலுமினியத் தாளால் மூடி இருபத்தைந்து நிமிடம், திறந்து பதினைந்து நிமிடம், ஓரத்தில் சாஸ் குமிழ்விட்டு மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தால் எடுத்துவிடலாம். எடுத்ததும் வெட்டாதீர்கள், பதினைந்து நிமிடம் ஆறட்டும், சாஸ் உள்ளே இழுத்துக்கொண்டு துண்டு நிற்கும். முதல் நாள் இரவே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைப்பது என்றால் சாஸை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள், ஓவனில் இருபது நிமிடம் கூடுதலாக ஆகும், நடுவில் 74 டிகிரி வந்ததா என்று குத்திப் பாருங்கள். கண்ணாடி ட்ரேயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்கக் கூடாது, வெடித்துவிடலாம். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஏற்றுங்கள், அல்லது உலோக ட்ரே.

அலுவலகத்துக்கு எடுத்துப் போகும்போது தாளால் மூடி இரண்டு தடிமனான துண்டில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரம் நல்ல சூட்டோடு இருக்கும். கறியும் சீஸும் சேர்ந்த பண்டம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதனால் காலை எட்டுக்குக் கொண்டுபோய் மதியம் ஒன்றரைக்குச் சாப்பிடுவதென்றால் அங்குள்ள ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி நன்றாகச் சூடாக்க ஏற்பாடு இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, சைவக்காரர்களுக்காகக் கறியில்லாமல் ஒரு சின்ன ட்ரே தனியாகச் செய்வீர்கள் என்றால் சீஸைக் கவனியுங்கள். உண்மையான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில், அதாவது அசல் பர்மெஸானில், பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள்தான் சேர்க்கிறார்கள், பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியிலிருந்து எடுப்பது. முட்டைகூடத் தொடாதவர்கள் நம் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லாமல் பரிமாறுவது சரியில்லை. தாவர அல்லது நுண்ணுயிர் உறைபொருள் என்று போட்ட கெட்டிச் சீஸ் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி அந்தச் சின்ன ட்ரேக்குப் போடுங்கள். மொஸரெல்லாவையும் அதே மாதிரி படித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ட்ரேயிலும் எதில் என்ன இறைச்சி, எதில் இல்லை என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டி, கரண்டியையும் தனித்தனியாக வைத்துவிடுங்கள்.